கொட்டேஷனைக் கீழிருந்து வாசியுங்கள்: சென்னையில் வீட்டுக் கம்ப்யூட்டரும் வொர்க்ஸ்டேஷனும் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு துண்டுச் சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ பத்துப் பன்னிரண்டு வரிக்கு ஒரு கொட்டேஷன் வந்துவிடும். முதல் வரி ப்ராசசர். பக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டு. வாங்கப் போகிறவர் கண் அந்த இரண்டிலேயே நின்றுவிடும். "கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் அந்த இரண்டையும் தொடமாட்டார். கீழே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். (சிஸ்டத்துக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), போர்டு (எல்லாம் வந்து மாட்டும் மதர்போர்டு), ராம் வரிகளில் கை வைப்பார். பில் தொகை குறையும், நமக்கும் சந்தோஷம். மூன்றாவது வருடம் சிஸ்டம் படுத்துக்கொண்டால் அது பெரும்பாலும் அந்தக் கீழ்வரிகளில் ஒன்றால்தான்.

அதனால் கொட்டேஷனை நான் கீழிருந்து மேலே வாசிப்பேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

இப்போது நிறையப் பேர் புது சிஸ்டம் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை, இவற்றுக்குக் கீழே போனால் முறையான ஆதரவு கிடையாது. கடைகளில் இப்போது அடுக்கியிருக்கும் புது வரிசைகள் ஏ.எம்.டி.யின் ரைசன் 9000, இன்டெலின் கோர் அல்ட்ரா 200, என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 50. முதல் இரண்டும் 2024-இல் வந்தவை, மூன்றாவது 2025-இல்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

வீட்டில் உட்கார்ந்து அந்த சிஸ்டத்தில் என்ன வேலை நடக்கும் என்று எழுதுங்கள். "எல்லாத்துக்கும்" என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் கடைக்காரர் இருப்பதிலேயே நகராத சரக்கை எடுத்து நீட்டுவார்.

டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, யூடியூப் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும், 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். ஆட்டோகேட் வரைபவர்களுக்கு நான் சொல்வது வேறு: அந்த மென்பொருள் பெரும்பாலான வேலையை ஒரே கோரில்தான் (ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி ஒவ்வொன்றும் ஒரு கோர்) செய்கிறது. 24 கோர் வாங்கிப் பயனில்லை. ஒற்றைக் கோர் வேகம் அதிகமுள்ள நடுத்தர ப்ராசசரே நன்றாக ஓடும். வரைந்ததை நிஜப் படம்போல ஆக்கும் ரெண்டரிங் அதற்கு நேரெதிர், எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும். வீடியோ எடிட்டிங் தனிக் கதை, பின்னால் விரிவாக வருகிறது.

அப்புறம், உதிரிகளைத் தனித்தனியாக வாங்கி மாட்டும் அசெம்பிளா, கம்பெனி சிஸ்டமா? அலுவலகத்துக்குப் பத்து சிஸ்டம், வாசலுக்கே வந்து சரிபார்க்க ஆள் வேண்டும் என்றால் கம்பெனி சிஸ்டமே நல்லது. ஆனால் டெல், எச்.பி. போன்றவற்றின் பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவிலும் கனெக்டரிலும் வரும். வாரண்டி முடிந்தபின் ஒன்று போனால் ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதில் பொருந்தாது. டெல் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது, லெனோவோவுக்குப் புதுச்சேரியில் இருக்கிறது. அதற்காக உதிரி சுலபமாகக் கிடைத்துவிடாது. வீட்டுக்கு ஒன்று, ஐந்தாறு வருடம் ஓட்டி நடுவில் ஏதாவது மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு அசெம்பிள்தான்.

மேக் மினி எம்4 பற்றியும் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் 59,900 ரூபாயில் தொடங்கி வந்தது, 16 ஜி.பி. ராம். மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும், சத்தம் இல்லை. ராமைப் பிறகு கூட்டவே முடியாது, டேலி அதில் நேரடியாக ஓடாது. இந்த இரண்டும் பரவாயில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கடைசி வரி: யூ.பி.எஸ்.ஸும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

பெரும்பாலான கொட்டேஷனில் யூ.பி.எஸ். இருக்காது. எஸ்.எம்.பி.எஸ். என்ற வரி "கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்." என்று மேல்வரியோடு கலந்திருக்கும். அந்த மூன்று சொல்லைப் பார்த்ததும் அடித்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக, பிராண்டும் மாடலும் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேபினெட்டோடு இலவசமாக வருவதில் "450 வாட்" என்று பெரிதாக ஒட்டியிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதை 12-ஆல் பெருக்குங்கள். 37 ஆம்பியர் என்றால் 444 வாட், சரி. 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட் வரியிலிருந்து. கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்றுள்ள 450 வாட், ஆர்.டி.எக்ஸ். 5060 மாதிரி கார்டு போட்டால் 550 அல்லது 650 வாட். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகாது, போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

சென்னையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் மதியம் வரை வராது. கோடையில் சொல்லாமலும் போகும். அதற்கு, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் சரிசெய்யும் ஒரு லைன் இன்டராக்டிவ் யூ.பி.எஸ். வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று நினைத்துவிடக்கூடாது. பெரும்பாலும் அது 360 வாட்தான். சாதாரண சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் சுற்றித்தான் இழுக்கும், 600 வி.ஏ. தாராளம். கிராபிக்ஸ் கார்டு போட்டு 400 வாட் இழுக்கும் சிஸ்டத்தை அதில் மாட்டினால் கரண்ட் போன அந்த நொடியே யூ.பி.எஸ். கத்திவிட்டு அணைந்துவிடும். அதற்கு 1000 வி.ஏ.வுக்கு மேல் போங்கள். எப்படியும் யூ.பி.எஸ். என்பது சேமித்துவிட்டு ஷட்டவுன் செய்ய ஐந்து பத்து நிமிடம், அவ்வளவுதான். உட்கார்ந்து வேலை பார்க்க அல்ல.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள், அது சைன் வேவ்தானா (வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தருவதா) என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கூட முரண்டு பிடிக்கும். சைன் வேவ் ஆக இருந்தால் அதில் "யூ.பி.எஸ். மோட்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் கரண்ட் மாறும் இடைவெளி சுருங்கும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகாது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பிளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். புது சிஸ்டம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி. வரி

பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும். போர்டிலேயே நேராகச் செருகும் என்.வி.எம்.இ. வகையில் மூன்றாம் தலைமுறை 3,500, நான்காம் தலைமுறை 7,000 வரை போகும். ஐந்தாம் தலைமுறை இன்னும் வேகம், கூடவே சூடும். வீட்டு வேலைக்கு நான்காம் தலைமுறையைத் தாண்டவேண்டிய அவசியம் இல்லை. கொட்டேஷனில் "512 எஸ்.எஸ்.டி." என்று மட்டும் எழுதியிருந்தால் கடையில் அன்று எது விலை குறைவோ அதுதான் வரும், மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். போட்டோ, கல்யாண வீடியோ சேர்த்துவைக்கத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். வேலை நடக்கும் கோப்புகள் மட்டும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும்.

ராம் வரி

2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. தயாரிப்பாளர்கள் ஏ.ஐ. தரவு மையங்களுக்கான மெமரி பக்கம் திரும்பியதுதான் காரணம்; மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் போன வாரக் கொட்டேஷனை எடுத்துக்கொண்டு இந்த வாரம் போனால் இந்த ஒரு வரியில் சண்டை வரும்.

16 ஜி.பி. வேண்டுமென்றால் 8 ஜி.பி. இரண்டு போடுவதா, 16 ஒன்று போடுவதா? இரண்டு ஸ்டிக் போட்டால் ப்ராசசருக்கும் ராமுக்கும் நடுவே இருக்கும் இரண்டு சேனலும் (தரவுப் பாதையும்) வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. தனிக் கார்டு இருந்து, கையில் பணம் இறுக்கம் என்றால் இப்போது 16 ஒன்று, விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று. புது ரைசனும் கோர் அல்ட்ராவும் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். வீட்டில் கிடக்கும் டி.டி.ஆர்.4-ஐ எடுத்துப் போக வேண்டாம், ஸ்டிக்கில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும்: ஓர் எழுத்து செய்த வேலை

என் அக்கா மகன் சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் சிஸ்டம் எடுத்தான். 13-ஆம் தலைமுறை ஐ7, ஆர்.டி.எக்ஸ். 3060, 32 ஜி.பி. ராம். தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் கேமராவிலிருந்து இறக்கிய கிளிப்பை டைம்லைனில் போட்டால் தந்தி அடித்தது. "மாமா, இவ்வளவு காசு போட்டும் போன்ல ஓடுற வீடியோ இதுல ஓட மாட்டேங்குது" என்று வந்து நின்றான்.

பில்லை வாங்கிப் பார்த்தேன். ப்ராசசர் பெயரின் கடைசியில் ஓர் எஃப். அந்த எழுத்து இருந்தால் ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. "தனிக் கார்டு இருக்கும்போது அது எதுக்கு" என்று கடையில் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பார்த்தால் தப்பில்லாத ஆலோசனைதான். ஆனால் இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, நிற விவரம் அதிகமுள்ள வகையில் பதிகின்றன. அந்த வகையை வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும் திறன் இன்டெல் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் இருக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 30, 40 வரிசைகளில் இல்லை. என்விடியா அதை 50 வரிசையில்தான் கொண்டுவந்தது. அவனுடைய சிஸ்டத்தில் இரண்டு பக்கமும் இல்லை. எல்லாப் பளுவும் கோர்களின் தலையில். இன்றும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ப்ராக்ஸி கோப்பு (எடிட் செய்வதற்கு மட்டும் எடுக்கும் சிறிய நகல்) தயாராகும்வரை டீ குடிக்கப் போகிறான்.

ஆகவே எடிட்டிங் செய்பவர்கள் முதலில் தங்கள் கேமரா எந்த வகையில் பதிகிறது என்று பாருங்கள். 4:2:2 என்றால் எஃப் இல்லாத இன்டெல், அல்லது ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக் கார்டு, இரண்டில் ஒன்று கட்டாயம்.

மற்றவர்களுக்கு: ஏ.எம்.டி. தன் ஏ.எம்.5 சாக்கெட்டை (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) 2027 வரையாவது தொடர்வதாகச் சொல்லியிருக்கிறது, நடுவில் ப்ராசசர் மட்டும் மாற்ற வழி இருக்கிறது. அதனால் வீட்டு உபயோகத்துக்கு என் ஓட்டு ஆறு கோர் ரைசன் 5 பக்கம். பழைய பி650 போர்டில் ரைசன் 9000 போடுவதாக இருந்தால் பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திரையே வராது. மலிவாகக் கிடைக்கும் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 எடுப்பவர்களும் பயாஸைப் புதுப்பித்தே ஆகவேண்டும். அதிக வோல்டேஜால் அந்த ப்ராசசர்கள் நாளடைவில் கெடும் சிக்கல் 2024-இல் வெளிவந்தது. இன்டெல் ப்ராசசரின் உள்கட்டளைகளான மைக்ரோகோடில் திருத்தம் தந்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது.

"ஏ.ஐ. பி.சி." ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் என்ற ஏ.ஐ. வசதிகளுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு செய்யும் என்.பி.யூ. (ஏ.ஐ. கணக்குக்கென்றே ப்ராசசருக்குள் இருக்கும் பகுதி) கேட்கிறது, கோர் அல்ட்ரா 200 எஸ் டெஸ்க்டாப் ப்ராசசரில் இருப்பது 13 லட்சம் கோடிதான். வீட்டிலேயே ஏ.ஐ. மாடல் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரியான வீரேம் அளவைப் பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. 8 ஜி.பி.யிலும் வருகிறது, 16 ஜி.பி.யிலும் வருகிறது. பெயர் ஒன்றுதான், கொட்டேஷனில் எது என்று எழுதவைக்கவேண்டும்.

வொர்க்ஸ்டேஷன் யாருக்கு

விலை அதிகமான வீட்டுக் கம்ப்யூட்டரை வொர்க்ஸ்டேஷன் என்று விற்கிறார்கள். உண்மையான வித்தியாசம் மூன்று. ஒன்று, பிழை திருத்தும் இ.சி.சி. ராம், டி.டி.ஆர்.5-இல் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டு, ஆனால் அது முழு இ.சி.சி. ஆகாது. இரண்டாவது, ராம் சேனல்: சாதாரண சிஸ்டத்தில் இரண்டு, ஏ.எம்.டி.யின் வொர்க்ஸ்டேஷன் ப்ராசசரான த்ரெட்ரிப்பரில் நான்கு, த்ரெட்ரிப்பர் ப்ரோவில் எட்டு. மூன்றாவது, இரண்டு மூன்று கிராபிக்ஸ் கார்டுகளை முழு வேகத்தில் தாங்கும் பி.சி.ஐ. பாதைகள், அதாவது ப்ராசசருக்கும் கார்டுக்கும் நடுவே தரவு போகும் வழிகள்.

இரவெல்லாம் ஓடும் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், வி.எஃப்.எக்ஸ். சிமுலேஷன், மாடல் பயிற்சி, இப்படிப்பட்ட வேலைக்கு இது தேவை. கல்யாண வீடியோவுக்குத் தேவையில்லை. ஐ.டி. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய ஜியான் (இன்டெலின் சர்வர், வொர்க்ஸ்டேஷன் ப்ராசசர்) வொர்க்ஸ்டேஷன்கள் கவர்ச்சியான விலைக்கு வரும். ஜியான் இ5 வகையென்றால் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு இல்லை, லினக்ஸ் போடுவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். கரண்ட் பில்லையும் கணக்குப் போடுங்கள்: 400 வாட் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 3.2 யூனிட், இரண்டு மாதத்தில் 50 நாள் ஓட்டினால் 160 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

கடையில்

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். பறக்கும் ரயிலில் வருபவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை. வண்டி நிறுத்த இடம் தேடி அலையவேண்டாம், ரயிலில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒரே கொட்டேஷனை மூன்று கடையில் காட்டுங்கள், ஆனால் மாடல் எண் மாறாமல். ஒரு எழுத்து மாறினாலும் ஒப்பிட முடியாது.

விலை பேசும்போதே ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 18 சதவீதம் பிறகு முளைத்தால் கணக்கு உதைக்கும். எஸ்டிமேட் சீட்டில் வாங்கிக்கொண்டு வந்தால் விலை குறையும், வாரண்டிக்குப் போகும்போது கையை விரிப்பார்கள். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் இருக்கவேண்டும்.

போர்டு பெட்டியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லி, சாக்கெட் மூடியைத் தூக்கி உள்ளே பின் எல்லாம் நேராக இருக்கிறதா என்று போன் டார்ச்சில் பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் வந்து, ஒரு பின் வளைந்திருந்ததை வீட்டில்தான் பார்த்தேன். "நீங்க மாட்டும்போது வளைச்சிருப்பீங்க சார்" என்ற பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது.

மாட்டும் வரிசை

கடையிலேயே மாட்டித் தருவார்கள். நீங்களே மாட்டினால் அரை நாள் வேலை. போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வையுங்கள். ப்ராசசர் மூலையில் இருக்கும் முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து மேலிருந்து மெல்ல விடுங்கள், அழுத்தாதீர்கள். நான்கு ராம் பள்ளம் இருந்தால் இரண்டு ஸ்டிக்கையும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடவேண்டும். எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்துத் திருகுங்கள். பிறகு கூலர்: அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவி வந்திருந்தால் மேலே இன்னொரு முறை வேண்டாம், பிளாஸ்டிக் ஒட்டு இருந்தால் உரித்துவிடுங்கள். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு ஏன் சுடுகிறது என்று கேட்பவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

கேபினெட்டுக்குள் போர்டின் துளைகளுக்கு நேராகப் பித்தளைத் தாங்கிகள் இருக்கவேண்டும், துளை இல்லாத இடத்தில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. 24 பின் பெரிய கனெக்டர், மேல் மூலையில் ப்ராசசருக்கான 8 பின், பிறகு முன்பக்க பட்டன் ஒயர்கள், கடைசியில் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள், போர்டில் அல்ல.

முதல்முறை ஆன் செய்யும்போது டி.டி.ஆர்.5 சிஸ்டத்தில் சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். ராமை அது பழக்கிக்கொள்கிறது. பயந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திரை வந்ததும் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. என்பதை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்த ராம் வேகம் வராது.

விண்டோஸ் போட்டபின் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதுசு என்றால் ஒன்றிரண்டு மணிதான் காட்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் அன்றைக்கே திரும்பப் போங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் அமைப்பிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்கவேண்டாம். பழைய பாமினி, வானவில் எழுத்துருக் கோப்புகள் வைத்திருக்கும் டி.டி.பி. நண்பர்கள் அந்த எழுத்துருக்களைப் பழைய சிஸ்டத்திலிருந்து மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது

தரையில் வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை இல்லாத நாளிலும் தரைத் தூசி நேராக ஃபேனுக்குள் போகும். மேசை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்று வரும் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் கனெக்டர்களில் பச்சை பூக்கும். கத்திரி தொடங்குமுன் ஒருமுறை பக்கக் கதவைக் கழற்றி ஊதிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளை உடனே பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கிராபிக்ஸ் கார்டு பெட்டிகள் மட்டும் வாரண்டி முடியும்வரை பரணில் இருக்கட்டும். பில் வெயிலில் மங்கிவிடும் தாள், வீட்டுக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள்.